பந்தய பிரேக்கும் வீதி பிரேக்கும்: சூட்டின் இரண்டு கணக்குகள்

1953 ஜூன் மாதம் பிரான்ஸின் லெ மான் நகரில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் ஜாகுவார் நிறுவனத்தின் சி டைப் கார்கள் முதலிடத்தையும் இரண்டாமிடத்தையும் நான்காமிடத்தையும் பிடித்தன. டோனி ரோல்ட்டும் டங்கன் ஹாமில்டனும் மாறி மாறி ஓட்டிய கார் மணிக்குச் சராசரியாக 170 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி முடித்தது. லெ மானில் சராசரி வேகம் 100 மைலைத் தாண்டியது அதுவே முதல் தடவை. அந்த வெற்றியில் இன்ஜினுக்கு எவ்வளவு பங்கோ அதற்குக் குறையாத பங்கு சக்கரங்களுக்குள் இருந்த டன்லப் டிஸ்க் பிரேக்குகளுக்கும் உண்டு. முல்சான் என்ற ஆறு கிலோமீட்டர் நேர்ச்சாலையின் முடிவில், டிரம் பிரேக் வைத்திருந்த போட்டியாளர்கள் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துப் பிரேக் பெடலை மிதித்துவிட்ட பிறகும் ஜாகுவார்கள் முழு வேகத்தில் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு சுற்றிலும், இரவிலும் பகலிலும், அதே இடத்தில் அதே வித்தியாசம். இந்த நிகழ்விலிருந்து வழக்கமாக ஒரு கதை சொல்லப்படும்: பந்தயத்தில் பிறந்த டிஸ்க் நம் கார்களுக்கு இறங்கி வந்தது, ஆகவே இன்று பந்தயக் காரில் இருப்பது நாளை நம் காரில் இருக்கப்போவது, ஆகவே அதை இன்றே வாங்கிப் பூட்டிக்கொண்டால் நம் கார் இன்னும் பாதுகாப்பாகும். முதல் வாக்கியம் பாதி உண்மை. அடுத்த இரண்டுக்கும் பிரேக்கின் வரலாற்றில் ஆதாரம் கிடையாது. பந்தய பிரேக்கும் வீதி பிரேக்கும் ஒரே பொருளின் கூடுதல் தரமும் குறைந்த தரமும் அல்ல. அவற்றிடம் கேட்கப்படும் கேள்விகளே வேறு. ஒன்றை மாற்றியமைக்காமல் மற்றதன் இடத்தில் வைத்தபோதெல்லாம் அது தோற்றிருக்கிறது.

கேள்வி வேறு என்பதை விளக்கச் சின்னக் கணக்கு ஒன்று போதும். பிரேக் செய்கிற வேலை ஓட்டத்தின் ஆற்றலைச் சூடாக மாற்றுவது, வேறொன்றும் இல்லை. 1,500 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நின்றால் ஏறத்தாழ 5 லட்சத்து 80 ஆயிரம் ஜூல் ஆற்றல் சூடாகிறது. அதில் எழுபது சதவீதம் முன் சக்கரங்களின் பங்கு என்றும், முன் டிஸ்க் ஒவ்வொன்றும் எட்டுக் கிலோ வார்ப்பிரும்பு என்றும் வைத்துக்கொண்டால், ஒரு தடவை நிற்பதில் டிஸ்க்கின் வெப்பம் சுமார் 50 டிகிரி செல்சியஸ் ஏறும். அடுத்த சிக்னல் வருவதற்குள் அதில் பெரும்பகுதி காற்றில் போய்விடும். இப்போது அதே காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டுங்கள். 200 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 80க்கு இறக்கி ஒரு வளைவுக்குள் நுழைகிறது. கார் நிற்கவே இல்லை. ஆனாலும் டிஸ்க் சுமார் 170 டிகிரி ஏறிவிடும். ஆறுவதற்கு அரை நிமிடம்கூட இல்லாமல் அடுத்த வளைவு வரும், மீண்டும் 170. வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும் என்ற பள்ளிப் பாடம் இங்கே இரும்பில் எழுதப்படுகிறது. வீதியின் கணக்கு இதற்கு நேர் எதிரானது. காலையில் கராஜிலிருந்து வெளியே வந்த இரண்டாவது நிமிடம், மழையில் நனைந்து குளிர்ந்து கிடக்கும் டிஸ்க்கோடு, குறுக்கே ஓடும் சிறுவனுக்காக ஒரே ஒரு தடவை மிதிக்க வேண்டியிருக்கும். அந்த ஒரு மிதி பிடிக்க வேண்டும். சூடேறியபின் பிடிப்பது எப்படி என்பது பந்தயத்தின் கவலை, சூடேறாமலே பிடிப்பது எப்படி என்பது வீதியின் கவலை.

டிஸ்க் பிரேக்கின் பிறப்பிலேயே இந்தப் பிளவு தெரிகிறது. இங்கிலாந்தின் பர்மிங்காமில் கார் தயாரித்த ஃபிரடெரிக் லான்செஸ்டர் 1902 ஆம் ஆண்டிலேயே டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். சக்கரத்தோடு சுழலும் மெல்லிய உலோகத் தட்டை இருபுறமும் செம்புத் துண்டுகளால் கவ்விப் பிடிப்பது அவர் கண்ட வழி. கொள்கை இன்றைக்கும் அதுதான். அவர் கார்கள் பந்தயத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல, சாலைக்காகச் செய்யப்பட்டவை. அந்த டிஸ்க் ஏன் நிலைக்கவில்லை? நிறுத்தும் பலம் போதாததாலா? செம்பு உலோகத்தில் உரசி எழுப்பிய கிறீச்சொலி ஊரையே எழுப்பியது. தார் போடாத சாலைகளின் புழுதி செம்பைத் தின்று தீர்த்தது. சத்தமும் தேய்மானமும்தான் அதைக் கொன்றன. அதே காலத்தில் டெர்பிஷயர் மலைச் சரிவுகளில் சுமையோடு இறங்கிய குதிரை வண்டிகளைப் பார்த்து, அவற்றின் பிரேக் கட்டைகளுக்கு நல்ல உரசு பொருள் தேடியவர் ஹெர்பர்ட் ஃப்ரூட். 1897 இல் அவர் தொடங்கிய தொழில்தான் பிறகு ஃபெரோடோ நிறுவனமாக வளர்ந்தது. அஸ்பெஸ்டாஸ் கலந்த லைனிங் வந்ததும் பிரேக்கின் சத்தம் அடங்கியது. ஆனால் அதன் பயன் முதலில் போய்ச் சேர்ந்தது மழையும் புழுதியும் எளிதில் புகாத டிரம்முக்கே. அடுத்த அரை நூற்றாண்டுக்கு வீதியை டிரம் ஆண்டது. அஸ்பெஸ்டாஸின் தூசு அந்தத் தொழிலாளர்களின் நுரையீரலை என்ன செய்தது என்பது தனியாக எழுதப்பட வேண்டிய சோகம். இங்கே கவனிக்க வேண்டியது, வண்டி பிரேக்கின் முதல் பாடங்களை மலைச் சரிவும் புழுதியும் சத்தமும் கற்றுக்கொடுத்தன என்பதுதான். பந்தய மைதானம் அப்போது காட்சியிலேயே இல்லை.

இந்த வாதத்துக்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த சாட்சி ஒரு சின்ன அமெரிக்கக் கார். சின்சினாட்டியைச் சேர்ந்த பவல் கிராஸ்லி வானொலிப் பெட்டிகளிலும் குளிர்பதனப் பெட்டிகளிலும் சம்பாதித்த பணத்தில் மிக மலிவான கார்களைச் செய்தவர். 1949 இல் அவருடைய நிறுவனம் நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக் வைத்த கார்களை விற்பனைக்கு விட்டது. குட்இயர் ஹாலி என்ற அந்த வடிவமைப்பு விமானங்களிலிருந்து எடுக்கப்பட்டது. விமானத்தில் அது அருமையாக வேலை செய்தது: தரையிறங்கும்போது ஒரு பெரிய மிதி, பிறகு மணிக்கணக்கில் ஓய்வு. அந்த பிரேக்கைக் கொண்டிருந்த ஹாட் ஷாட் மாடலில் ஒன்று 1950 டிசம்பர் 31 அன்று ஃப்ளோரிடாவின் செப்ரிங் விமானத்தளத்தில் நடந்த ஆறு மணி நேரப் பந்தயத்தில், இன்ஜின் அளவை வைத்துப் போட்ட கணக்கின்படி, பெரிய கார்களையெல்லாம் தாண்டி முதலிடம் பெற்றது. அதே காரின் டிஸ்க்குகள் வட அமெரிக்காவின் குளிர்காலச் சாலைகளில் என்ன ஆயின? பனியை உருக்கத் தூவிய உப்பு அந்த உலோகத்துக்குள் புகுந்து அரித்தது. டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பர்கள் இறுகிப் பிடித்துக்கொண்டன. சில இழுத்தன, சில விடவே இல்லை. ஓரிரு வருடத்திலேயே நிறுவனம் டிரம்முக்குத் திரும்பியது. பழைய கார்களுக்கும் டிரம் மாற்றிப் பூட்டியவர்கள் உண்டு. வெயில் காயும் ஃப்ளோரிடாவில் பரிசு வாங்கித் தந்த மாடலின் பிரேக், ஓஹையோவின் ஒரு குளிர்காலத்தைத் தாங்கவில்லை. பிரேக் ஒன்றுதான். மாறியது அதனிடம் கேட்கப்பட்ட கேள்வி.

ஜாகுவாரின் டிஸ்க்கும் அப்படியே எடுத்துப் பூட்டியதும் வென்றுவிடவில்லை. டன்லப் ஏற்கெனவே விமானங்களுக்கு டிஸ்க் செய்துகொண்டிருந்தது. அதைக் காருக்கு ஏற்ப மாற்றும் பொறுப்பில் நார்மன் டியூயிஸ் என்ற சோதனை ஓட்டுநரின் பங்கு பெரிது. முதலில் வந்த தலைவலி, பிரேக் ஆயில் கொதிப்பது. டிஸ்க்கின் சூடு, அதில் உரசும் துண்டான பேடு வழியாகக் காலிப்பருக்கும் அங்கிருந்து ஆயிலுக்கும் போகும். ஆயில் கொதித்தால் ஆவிக் குமிழிகள் தோன்றும். ஆவி அமுங்கும், ஆகவே பெடல் தரையைத் தொடும், பிரேக் பிடிக்காது. அடுத்தது, வளைவில் சக்கர அச்சு சற்றே நெளிவதால் டிஸ்க் ஆடிப் பேடுகளை உள்ளே தள்ளிவிடுவது. அடுத்த மிதியில் அந்த இடைவெளியை நிரப்பவே பெடலின் பாதித் தூரம் போய்விடும். இன்னொன்று, டிரம்முக்கு இயல்பாகவே வாய்த்த ஒரு வசதி டிஸ்க்குக்குக் கிடையாது. டிரம்மின் உள்ளே உரசும் ஷூ, சுழற்சியாலேயே இழுக்கப்பட்டுத் தானாக இறுகும். ஓட்டுநரின் கால் போடும் விசை உள்ளே பெருகும். டிஸ்க்கில் போட்ட விசை போட்ட விசைதான். அதனால் 1953 லெ மான் கார்களில் கியர்பாக்ஸிலிருந்து சுழலும் பம்ப் ஒன்று துணைக்கு வைக்கப்பட்டது. இத்தனைக்கும் ஈடாக டிஸ்க் தந்தது ஒன்றே ஒன்று, ஆனால் பந்தயத்துக்கு அதுவே போதும். டிரம் சூடாகும்போது விரிந்து ஷூவைவிட்டு விலகும், டிஸ்க் சூடாகும்போது தடித்துப் பேடை நோக்கி வரும். டிரம் தன் சூட்டைத் தனக்குள்ளேயே பூட்டி வைக்கும், டிஸ்க் காற்றில் கொட்டிவிடும். ஸ்டர்லிங் மாஸ் 1952 ஜூனில் ரைம்ஸ் பந்தயத்தில் சி டைப்பை ஓட்டி டிஸ்க் பிரேக்குக்கு முதல் பெரிய வெற்றியைத் தேடித் தந்தார். மறுவருடம் லெ மான்.

இங்கே எதிர்வாதம் ஒன்று எழும், அது வலுவானதும்கூட. பந்தயம் கற்பிக்காமல் இந்த முன்னேற்றம் வந்திருக்குமா? டிரம்மைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் கொடுத்த விலையைப் பார்த்தால் அப்படிக் கேட்பது நியாயமே. 1955 இல் மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் கார்கள் பிரம்மாண்டமான டிரம்களோடு லெ மானுக்கு வந்தன. அவை போதாது என்று ஓட்டுநருக்குப் பின்னால் எழுந்து நிற்கும் ஒரு காற்றுத்தடைப் பலகையையும் வைத்திருந்தார்கள். அந்தப் பந்தயத்தில்தான், டிஸ்க் வைத்த ஜாகுவாரை ஓட்டிய மைக் ஹாதார்ன் கார்களைப் பழுதுபார்க்கும் பிட்டுக்குள் நுழைய வேகத்தைக் குறைக்க, பின்னால் வந்த லான்ஸ் மாக்லின் விலக, பியர் லெவேயின் மெர்சிடிஸ் மாக்லினின் கார் மீது ஏறிப் பார்வையாளர் கூட்டத்தில் விழுந்து எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டிஸ்க்கும் டிரம்மும் ஒரே தடத்தில் கலந்து ஓடியதே காரணம் என்று சுருக்கிச் சொல்வதுண்டு. அது சரியல்ல, மாக்லினின் ஆஸ்டின் ஹீலி 100 எஸ் காரிலும் நான்கு டிஸ்க்குகள் இருந்தன. தடத்தின் குறுகலும் பிட்டுக்குத் தடுப்புச் சுவர் இல்லாததும் அந்தச் சாவுகளுக்கு அதிகம் பொறுப்பு. ஃபெராரியின் கதை இதைவிடத் தெளிவானது. 1958 ஆகஸ்டில் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் பீட்டர் காலின்ஸ் டிரம் பிரேக் ஃபெராரியில் இறந்தார். அவருடைய நண்பரும் அதே அணியின் ஓட்டுநருமான ஹாதார்ன் செப்டம்பரில் மான்சா பந்தயத்துக்கு வந்தபோது அவர் காரில் டன்லப் டிஸ்க் இருந்தது. அந்த வருடம் அவர் உலகச் சாம்பியன் ஆனார். அணிகளுக்கான முதல் சாம்பியன் பட்டத்தையோ, ஏற்கெனவே டிஸ்க் வைத்திருந்த வான்வால் அணி கொண்டுபோனது. ஆகவே பந்தயத்துக்கு டிஸ்க் உயிர் காக்கும் பொருளாக இருந்தது என்பதில் சந்தேகமில்லை. வேகத்தோடு ஓயாமல் மோதும் இடத்தில் சூட்டைக் கொட்டத் தெரிந்த பிரேக் வேண்டும் என்பதே அதிலிருந்து நிரூபணமாகிறது. அதே பிரேக் அதே வடிவில் வீதிக்கும் நல்லது என்பது நிரூபணமாகவில்லை.

வீதி தனக்கான டிஸ்க்கை எப்படிச் செய்துகொண்டது என்று பார்த்தால் இது இன்னும் துலங்கும். 1955 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் வெளியான சித்ரோயன் டிஎஸ் முன் சக்கரங்களுக்கு மட்டும் டிஸ்க் வைத்தது, பின்னால் டிரம். டிஸ்க்குக்கு வேண்டிய கூடுதல் விசையை, காரின் சஸ்பென்ஷனையும் ஸ்டியரிங்கையும் இயக்கிய அதே உயரழுத்த எண்ணெய் அமைப்பிலிருந்து எடுத்துக்கொண்டது. அடுத்த வருடம் டிரையம்ஃப் டிஆர்3 கர்லிங் நிறுவனத்தின் டிஸ்க்குகளை முன்னால் வாங்கிப் பூட்டியது. பின்னால் அதிலும் டிரம்மே. நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் வைத்த ஜாகுவார் எக்ஸ்கே150 போன்ற கார்களில் ஹேண்ட் பிரேக் பலவீனமாக இருந்தது, ஏனென்றால் தானாக இறுகும் குணம் இல்லாத டிஸ்க்கில் ஒரு கம்பியை இழுத்துக் காரை மேட்டில் நிறுத்துவது கடினம். பந்தயக் காருக்கு மேட்டில் நிறுத்தும் கவலை கிடையாது. வாக்குவம் பூஸ்டர், கிறீச்சிடாமல் தடுக்க பேடுக்குப் பின்னால் தகடு, குளிரிலும் பிடிக்கும் பேடு, ஒரு பக்கம் மட்டும் பிஸ்டன் வைத்து நழுவி நகரும் மலிவான காலிப்பர்: வீதி டிஸ்க்கை வீதி டிஸ்க் ஆக்கிய இந்த மாற்றங்களில் பெரும்பாலானவை பந்தய அணிகளுக்குத் தேவைப்படாதவை. அந்தத் தொழில்நுட்பத்தின் ஒரு கிளை சென்னைக்கும் வந்தது. 1962 இல் டிவிஎஸ் குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸும் சேர்ந்து தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா, கர்லிங் வடிவமைப்புகளைப் பாடியில் தயாரித்தது. ஆனாலும் அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் பல்லாண்டுகள் டிரம்மோடே ஓடின. அவற்றின் வேகத்துக்கு அது போதும் என்பதே அன்றைய கணக்கு. அந்தக் கணக்கு தப்பு என்று எளிதில் சொல்லிவிட முடியாது.

அறுபதுகளுக்குப் பிறகு இரண்டு பாதைகளும் வேகமாக விலகின. போர்ஷே 1966 இல் 911 எஸ் காருக்கு, நடுவே காற்று ஓடும் இடைவெளி வைத்த டிஸ்க் தந்தது. இது இரு பக்கத்துக்கும் பயன்பட்ட அரிய உதாரணம். பிறகு டிஸ்க்கில் துளை போடும் வழக்கம் வந்தது. அன்றைய பேடுகள் கொதிக்கும்போது கக்கிய வாயு வெளியேற வழியும், பந்தயக் காருக்கு எடைக் குறைப்பும் அதன் நோக்கங்கள். போர்ஷே 917 போன்ற பந்தயக் கார்களில் அப்படிப்பட்ட டிஸ்க்குகள் ஓடின. ஆனால் ஒவ்வொரு துளையின் விளிம்பும் விரிசல் தொடங்கும் இடம். பந்தய அணிக்கு அது கவலையில்லை, டிஸ்க்கை ஓட்டத்துக்கு ஓட்டம் கழற்றிப் பார்த்து மாற்றிவிடும். இன்றைய பேடுகள் பழையவைபோல வாயு கக்குவதில்லை. தடத்தில் ஓட்டுபவர்கள் பலர் துளையைத் தவிர்த்து, துளையில்லாத டிஸ்க்கையோ மேலோட்டமான கோடுகள் வெட்டிய டிஸ்க்கையோ எடுக்கிறார்கள். துளையிட்ட டிஸ்க் இப்போது பல கார்களில் தோற்றத்துக்காகவே இருக்கிறது. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் தொங்கும் சிவப்பு நிறக் காலிப்பர் மூடிகளின் நிலையும் இதுவே. உள்ளே பழைய காலிப்பர், மேலே பந்தயத்தின் வண்ணம், இரண்டுக்கும் நடுவே காற்று போகாமல் ஒரு பிளாஸ்டிக். 1976 இல் பிரபாம் அணியின் வடிவமைப்பாளர் கார்டன் மர்ரி ஃபார்முலா ஒன் காருக்குக் கார்பன் பிரேக் கொண்டுவந்தார். கான்கார்டு விமானம் பயணிகளை ஏற்றத் தொடங்கிய வருடமும் அதுதான், அதன் பிரேக்கும் கார்பன். எண்பதுகளில் மற்ற அணிகளும் பின்தொடர்ந்தன. கார்பன் டிஸ்க் இரும்பைவிட மிக லேசானது, ஆயிரம் டிகிரியிலும் சளைக்காது. ஆனால் சில நூறு டிகிரி ஏறும்வரை அது பிடிக்கவே பிடிக்காது. அந்த பிரேக்கோடு காலையில் பால் வாங்கக் கிளம்புகிறவர் முதல் முச்சந்தியிலேயே போய் மோதுவார்.

பெரிய டிஸ்க், ஆறு பிஸ்டன் காலிப்பர் போட்டால் கார் குறைந்த தூரத்தில் நிற்குமே என்பது அடுத்த எதிர்வாதம். விற்பவர்கள் சொல்வதும் இதுதான். காரை நிறுத்துவது பிரேக் அல்ல, டயர். பிரேக் சக்கரத்தை நிறுத்தும். சாலையைப் பிடித்துக் காரை நிறுத்துவது ரப்பர். நல்ல டயரும் உலர்ந்த சாலையும் இருந்தால் 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்க ஏறத்தாழ 40 மீட்டர் ஆகும். இது உரசலின் எல்லை. இன்றைய எந்த வீதிக் காரிலும் பெடலை அழுத்தி மிதித்தால், சக்கரம் இறுகி வழுக்காமல் தடுக்கும் ஏபிஎஸ் துடிக்கும், அதாவது பிரேக் ஏற்கெனவே டயரின் எல்லையைத் தாண்டும் பலத்தோடு இருக்கிறது. அதற்கு மேல் பலம் சேர்த்து என்ன லாபம்? லாபம் முதல் மிதியில் இல்லை, பத்தாவது மிதியில் இருக்கிறது, அதுவும் பந்தயத் தடத்தில். வீதியில் நஷ்டம்கூட வரலாம். முன்னால் மட்டும் பெரிய பிரேக் போட்டால் முன்சக்கரம் சீக்கிரமே எல்லையைத் தொட்டுவிடும், பின்சக்கரத்தின் பங்கு வீணாகும், நிற்கும் தூரம் கூடும். பெரிய பிஸ்டன்களுக்கு அதிக ஆயில் தேவைப்படுவதால், பழைய மாஸ்டர் சிலிண்டரோடு சேர்த்தால் பெடல் நீளமாகத் தாழும். சக்கரத்தில் எடையும் கூடும். பந்தயப் பேடு இன்னொரு பொறி. சாதாரண பேடு குளிர்ந்த நிலையிலிருந்து ஏறத்தாழ 350, 400 டிகிரிவரை வேலை செய்யும். கடுமையான பந்தயப் பேடு 150, 200 டிகிரிக்குப் பிறகுதான் கண் விழிக்கும், எழுநூறு டிகிரியைத் தாங்கும். 100 கிலோமீட்டர் வேகத்தில் கார் நொடிக்கு 28 மீட்டர் போகிறது. பேடு பிடிக்கவில்லை என்று உணர்ந்து காலை இன்னும் அழுத்த அரை நொடி ஆனால் 14 மீட்டர் கையைவிட்டுப் போனது. எந்தப் பெரிய டிஸ்க்கும் அந்த 14 மீட்டரைத் திருப்பித் தராது.

வீதி என்றால் எப்போதும் சமவெளியா, மலையில் இறங்குபவர் என்ன செய்வார் என்று கேட்கலாம். கேள்வி சரியானது, இந்தக் கட்டுரையின் கோட்பாட்டை உண்மையாகச் சோதிப்பதும் இதுதான். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலையில் 70. வேகம் 40தான், ஆனால் சரிவு ஓயாது, காற்றும் போதாது. நியூட்ரலில் விட்டுப் பெடலையே நம்பி இறங்கினால் வீதி பிரேக்கும் பந்தய பிரேக்கின் சூட்டை எட்டிப் பிடிக்கும். கல்லட்டியில் நடந்த பல விபத்துகளுக்குப் பின்னால் இருப்பது இந்தச் சூடு. ஆனால் இதற்கு மருந்து ஆறு பிஸ்டன் காலிப்பர் அல்ல. இரண்டாம் கியரில் இறங்கினால் அந்த ஆற்றலில் பெரும்பங்கை இன்ஜின் தின்றுவிடும், டிஸ்க்குக்குக் கொஞ்சமே மிஞ்சும். இரண்டாவது மருந்து பிரேக் ஆயில். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரியில்தான் கொதிக்கும், டாட் 4 என்றால் 230. ஆனால் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. ஈரம் ஏறியபின் கொதிநிலை முறையே 140, 155 என்ற அளவுக்குக்கூட விழுந்துவிடலாம். வருடக்கணக்கில் மாற்றாத ஆயிலோடு மலை இறங்குபவருக்கும் 1950களில் ஜாகுவாரின் சோதனை ஓட்டுநருக்கும் வரும் ஆபத்து ஒன்றே. பல கார்களில் அதற்குத் தீர்வு சில நூறு ரூபாய் பாட்டிலில் கிடைக்கிறது. அதில் யாரும் பெருமை பேச முடியாது என்பதால்தானோ என்னவோ அதை யாரும் வாங்குவதில்லை.

கார்பன் செராமிக் டிஸ்க்கைச் சிலர் உதாரணம் காட்டுவார்கள். போர்ஷே 2001 இல் 911 ஜிடி2 காருக்கும் ஃபெராரி 2002 இல் என்ஸோவுக்கும் அதைத் தந்தன. பந்தயத்திலிருந்து வீதிக்கு வந்ததற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா? பெயரில் கார்பன் இருந்தாலும் இது ஃபார்முலா ஒன்னின் கார்பன் அல்ல. சிலிக்கான் கார்பைடு கலந்த வேறு பொருள். குளிரிலும் பிடிக்க வேண்டும் என்பதற்காகவே வேறுவிதமாகச் செய்யப்பட்டது. அதாவது வீதியின் கேள்விக்கேற்ப மறுபடியும் வடிவமைக்கப்பட்டது. இன்னொரு வேடிக்கை: இந்தக் கார்களைத் தடத்தில் தொடர்ந்து ஓட்டும் உரிமையாளர்களில் பலர் செராமிக்கைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு வார்ப்பிரும்பு டிஸ்க் பூட்டிக்கொள்கிறார்கள். நீடித்த பந்தயச் சூட்டில் அதன் கார்பன் இழைகள் எரிந்து தேய்கின்றன, மாற்றும் செலவோ தாங்காது. வீதியில் பந்தயப் பொருளாகப் பெருமை பேசப்படுவது பந்தயத்துக்கு வரும்போது வீட்டில் விடப்படுகிறது. கடந்த அரை நூற்றாண்டில் வீதியில் அதிக உயிர்களைக் காத்த பிரேக் முன்னேற்றம் எது என்று கேட்டால் ஏபிஎஸ் என்று சொல்வேன். அது டன்லப் விமானங்களுக்குச் செய்த மேக்ஸரெட் என்ற கருவியில் தொடங்கி, 1966 இல் ஜென்சன் எஃப்எஃப் என்ற சாலைக் காருக்கு வந்து, 1978 இல் பாஷ் நிறுவனத்தின் மின்னணு வடிவில் மெர்சிடிஸ் எஸ் வகுப்பில் நிலைபெற்றது. ஃபார்முலா ஒன்னில் 1994 முதல் அதற்குத் தடை. ஓட்டுநரின் திறமையை அது மறைத்துவிடும் என்பது அங்கே குறை. நமக்கு அதுவே அதன் பயன்.

ஐரோப்பியச் சட்டம் இந்த வேற்றுமையை எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது. மாற்றுப் பேடுகளுக்கான ஆர் 90 விதி, வீதிக் காருக்கு விற்கும் பேடு அசல் பேடின் பிடிப்பிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்று கேட்கிறது. குளிர்ந்த நிலைச் சோதனையும் அதில் உண்டு. அதிகமாகப் பிடிப்பதும் அங்கே குற்றம், ஏனென்றால் முன்பின் சமநிலை கெடும். மின்சாரக் கார்கள் கதையை இன்னும் ஒரு சுற்றுத் திருப்பியிருக்கின்றன. வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பகுதியை மோட்டாரே செய்துவிடுவதால் பின் டிஸ்க்குகள் வேலையில்லாமல் மழையில் துருப்பிடிக்கின்றன. ஆகவே 2020 இல் விற்பனைக்கு வந்த ஃபோக்ஸ்வாகன் ஐடி.3 பின்சக்கரங்களுக்கு மூடிய டிரம் பிரேக்கையே வைத்தது. பழமைக்குத் திரும்பிவிட்டார்கள் என்று சிலர் கேலி செய்தார்கள். வீதிக்கு எது வேண்டும் என்று கேட்டு விடை தேடினால் அந்தக் கேலி எடுபடாது.

வீதி ஓட்டம், பந்தய ஓட்டம் இரண்டையும் ஒரே காரில் செய்கிறவர்களும் உண்டு. இரண்டாம் உலகப் போர்க்கால விமானத்தளமான சோழவரத்தில் மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயம் நடத்திய காலத்திலிருந்து, 1990 இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்தபின் இன்றுவரை, வார நாளில் வேலைக்குப் போகும் காரையே தடத்தில் ஓட்டும் ஆர்வலர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வரலாறு சொல்லும் வரிசை விலைப்பட்டியலின் வரிசைக்கு நேர் எதிர். முதலில் கொதிநிலை உயர்ந்த புதிய பிரேக் ஆயில், பிறகு தடத்துக்கென்று தனிப் பேடு, பிறகு டிஸ்க்குக்கு முன்காற்றைக் கொண்டுபோகும் குழாய், இத்தனைக்குப் பிறகும் பெடல் தாழ்ந்தால் அப்போது பெரிய டிஸ்க். வீதியில் மட்டும் ஓட்டுபவருக்குப் பட்டியல் ஆயிலிலும் தரமான பேடிலும் நல்ல டயரிலும் முடிந்துவிடுகிறது. தடத்துப் பேடை மாற்ற ஒரு ஜாக்கியும் இரண்டு ஸ்பேனரும் அரை மணி நேரமும் போதும். அதைத் தடத்திலேயே கழற்றிவிட்டு வீட்டுப் பேடைப் போட்டுக்கொண்டு திரும்புவது நல்லது, ஏனென்றால் ஸ்ரீபெரும்புதூர் டோல் கேட்டை எட்டுவதற்குள் டிஸ்க் ஆறியிருக்கும்.